நான்கு வீட்டுக் காய், ஒரு டோக்கன்

எனக்குள் இத்தனை பொறாமை இருப்பது தரணி எங்கள் திருப்பதி அலுவலகத்தில் சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பதினோரு வருடமாக நான் பிசினஸ் அனலிஸ்ட். கம்பெனிக்காரர்களிடம் போய் என்ன தேவை என்று கேட்டு, அதை ஆவணமாக எழுதி, மென்பொருள் செய்பவர்களிடம் கொடுப்பது என் வேலை. பலமனேரிலிருந்து நேற்று வந்த பெண் அதே வேலையைச் செய்கிறாள், எல்லோரும் அவள் மேஜையைச் சுற்றியே நிற்கிறார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சித்தூர் – புத்தூர் சாலையில் ஒரு மாம்பழக்கூழ் ஆலை. சீசனில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் அதன் வாசலில் இரண்டு நாள்கூடக் காத்துக் கிடக்கும். விவசாயி கைபேசியிலேயே டோக்கன் எடுத்துக் குறித்த நேரத்துக்கு வரும்படி ஒரு செயலி கேட்டார்கள். இதை ஒழுங்காக முடிப்பவருக்குத்தான் புராஜெக்ட் மேனேஜர் பதவி என்று எங்கள் அலுவலகத் தலைவர் நீரஜா மேடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அந்தப் பதவிக்காக நான் நான்கு வருடமாகக் காத்திருந்தேன்.

நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேடம் புரட்டிப் பார்த்துவிட்டு, தரணியும் ஒருமுறை பார்க்கட்டுமே என்றார். அவள் மூன்று நாள் ஆலை வாசலில் போய் உட்கார்ந்தாள். எடைமேடைக்காரர், டிரைவர், வாட்ச்மேன் ஒருவரையும் விடாமல் கேட்டு, பதினாறே பக்கத்தில் புதிதாக எழுதி வந்தாள். என்னுடையது மூலைக்குப் போனது. அவள் எழுதியதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை மட்டும் எனக்கு மிஞ்சியது.

குறை கண்டுபிடித்தே தீருவது என்ற வெறியோடு படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் அகப்பட்டது. ஒரு டோக்கனுக்கு ஒரே விவசாயியின் நில பாஸ்புக் எண், ஒரே எடை என்று எழுதியிருந்தாள். எங்கள் நகரிப் பக்கம் அது செல்லாது. பத்து மரம், பதினைந்து மரம் வைத்திருப்பவர்கள் தனி டிராக்டருக்கு எங்கே போவார்கள்? நான்கு வீட்டுக் காயை ஒரே வண்டியில், நடுவே கோணி விரித்துப் பிரித்து ஏற்றுவோம். டோக்கன் ஒருவர் பேரில் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக் காயையும் இறக்கியதும் வண்டியை மறுபடி எடை போடுவார்கள். அவள் உட்கார்ந்த மூன்று நாளும் பெரிய தோப்புக்காரர்களின் வண்டிகள்தான் வந்திருக்கும். எனக்கோ இது சின்ன வயதிலிருந்தே தெரியும், நைனாவோடு அந்தக் காய் மேல் உட்கார்ந்து வந்தவன் நான். தெரிந்ததாலேயே என் நாற்பது பக்கத்திலும் அதை எழுதத் தோன்றவில்லை.

அன்றைக்கே, ஜூன் ஐந்தாம் தேதி, சரிபார்ப்புக் கூட்டம். தரணி என்னைப் பார்த்தே கேட்டாள்.

"அண்ணா, நீங்க அந்தப் பக்கத்து ஆளு. எதுனா வுட்டுட்டேனா?"

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் சரியாத்தான் கீது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். நன்றாகச் சறுக்கி விழட்டும், அப்போது மேடத்துக்கு என் அருமை தெரியும் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு எனக்கு நல்ல பசி எடுத்தது.

பதினாறாம் தேதி செயலி நடைமுறைக்கு வந்தது. பகல் பதினொரு மணிக்கு என் அண்ணன் திருமலை போன் செய்தார்.

"ஹேமா, காலைலேர்ந்து கேட்லயே நின்னுக்கினு கீறோம். மிஷின் ஒரு பேர்தான் எடுத்துக்குதாம். மத்த மூணு வூட்டுக் காய எறக்க மாட்டேன்றான். வெயில்ல காய் வெந்துக்கினு கீதுடா. உங்க ஆபீஸ் செஞ்சதுதானாமே?"

எங்கள் வண்டியும் அந்த வாசலுக்குத்தான் வரும் என்பது எப்படி என் மண்டையில் ஏறாமல் போனது? தரணி விழுவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று முப்பத்தொரு டிராக்டர்கள் திரும்பிப் போயின. எங்கள் வண்டிக் காயில் பாதி கனிந்து உடைந்து மாட்டுக்குப் போயிற்று என்று அண்ணன் சாயங்காலம் சொன்னார்.

மறுநாள் கூட்டத்தில் தரணி எழுந்து, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டது தன் தவறுதான் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டாள். என் கையெழுத்தை யாரும் எடுத்துப் பேசவில்லை. மேடம் அவளை விலக்கிவிட்டு, பதவியோடு சேர்த்துப் பொறுப்பை என் கையில் கொடுத்தார்.

வெளியே வந்ததும் தரணி என்னிடம் வந்தாள்.

"நேத்து கேட்ல திருமலை அண்ணாகிட்ட பேசினேன். நீங்க சின்ன வயசுல அந்த வண்டி மேல வருவீங்கன்னு சொன்னாரு."

ஏன் மேடத்திடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உங்களையும் எடுத்துடுவாங்க. அப்புறம் இத யாரு சரி பண்றது? சீசன் இன்னும் ஒரு மாசம் இருக்கு இல்ல?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன். அதற்கும் சேர்த்து அவள்மேல் பொறாமையாக இருந்தது, முன்னைவிட அதிகமாக.

என் மேஜையில் உட்கார்ந்து குறைப் பதிவேட்டைத் திறந்தேன். ஒவ்வொரு குறைக்கும் அதை முதலில் கண்டவர் பெயரும் கண்ட தேதியும் எழுத வேண்டும். பெயர்க் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். தேதிக் கட்டத்தில் ஜூன் ஐந்து என்று போட்டேன். நான்கு வீட்டு எடை முறையை விவரமாக எழுதி மேடத்துக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. தேதி தப்பாக விழுந்திருக்கிறதா ஹேமநாத் என்று கேட்டார் மேடம்.

"இல்ல மேடம். சரியான தேதிதான்."