வடக்கு ஓரம்

ஜனனி வாக்குக் கொடுத்துவிட்டாள். முடியுமா என்று அதற்கப்புறம்தான் யோசித்தாள். பனியன் கம்பெனியில் ஆறு வருஷம் மெர்ச்சண்டைசராக இருந்தால் வேறெப்படி இருக்கும்? சாம்பிள் எப்போது என்று வெளிநாட்டு பையர் கேட்டால், முதலில் 'இன்னைக்கு' என்று மெயில் போய்விட வேண்டும். துணி சாயப்பட்டறையிலிருந்து வந்ததா, டெய்லர் லீவா என்பதெல்லாம் பிறகு படியிறங்கிப் போய்ப் பார்த்துக்கொள்கிற சங்கதி. அந்தப் பழக்கத்தில்தான், காலையில் நித்தீஷ் கூப்பிட்டு, அவள் போனில் ஆடுகிற விளையாட்டின் ஐடியைக் கேட்டதும், 'சாயங்காலத்துக்குள்ள அனுப்பறேங்க' என்று சொல்லி வைத்தாள்.

நித்தீஷ் காங்கேயத்துக்காரன். தேங்காய் எண்ணெய் மில் குடும்பம். வரும் ஞாயிறு நிச்சயதார்த்தம். ஆறு இடம் தட்டிப்போய் ஏழாவதாக அமைந்தது இது. அவனும் அதே விளையாட்டைத்தான் ஆடுகிறான் என்று தெரிந்ததும் அம்மா சாரதாமணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பத்துப் பொருத்தம் பார்த்த ஜோசியர் பதினொன்றாவதை விட்டுவிட்டாராம். தான் எண்பத்துநாலாம் லெவல் என்று ஜனனியும் பெருமையடித்துவிட்டாள். இனிப் புது ஐடி போட்டு ஒன்றாம் லெவலில் போய் நிற்க முடியாது. இருப்பதைக் கொடுக்கலாம் என்றால், 'செவ்வந்தி' என்ற அவள் பேருக்குக் கீழே தங்க எழுத்தில் இன்னொரு வரி மின்னுகிறதே. மணத்துணை: கரும்பாறை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டது. விளையாட்டுக்குள் ஒரு கோயில் உண்டு. அங்கே இரண்டு பேர் துணையானால், ஒருவர் அடிபட்டுச் சாயும்போது மற்றவர் உயிரில் பாதி அவருக்குப் போய்ச் சேரும். இரண்டு பேர் ஏறினால் மட்டும் நகரும் கொம்புமாடு ஒன்றும் கிடைக்கும். அதற்காகத்தான். கரும்பாறை ஆணா பெண்ணா, வயசென்ன, இவளும் கேட்டதில்லை, அந்தப் பக்கமும் கேட்டதில்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டும்போதும் 'ங்க' விடாமல் வரும். பதினொரு மணி டீக்கும் நாலு மணி டீக்கும் பத்துப் பத்து நிமிஷம் உள்ளே வரும். ஷிப்மென்ட் நெருக்குகிற வாரங்களில் இரண்டு பேருமே காணாமல் போவார்கள். ஏதோ ஒரு பனியன் கம்பெனி ஆள் என்று தெரியும், அவ்வளவுதான். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், செவ்வந்தி வாளைத் தூக்காமல் மரத்தடியில் சும்மா நிற்பாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், கிட்டே வருகிற ஓநாய்களையெல்லாம் கரும்பாறை தன் பக்கம் இழுத்து வெட்டிக்கொண்டிருக்கும்.

துணையை அறுக்க ஒரே வழிதான். கோயில் மணிக்கு எதிரே இரண்டு பேரும் நின்று, ஒரே நிமிஷத்துக்குள் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் பேர் போகும், மாடும் போகும். பதினொரு மணி டீயின்போது, மத்தியானம் மணிக்கிட்ட வர முடியுங்களா என்று கேட்டிருந்தாள்.

ஒரு மணிக்குச் சைரன் ஊதியதும் கேன்டீனில் இருநூறு பேர் சோற்றுக்கு உட்கார்ந்தார்கள். ஜனனி டிபன் பாக்ஸைத் திறந்து மூடினாள். வேறு பெஞ்சுக்கு மாறினாள். ஃபேன் சரியில்லையென்று பழைய பெஞ்சுக்கே வந்தாள். கால் ஆட்டத்தை நிறுத்தவில்லை. புரொடக்ஷன் பார்க்கிற குணா தட்டோடு வந்து, ஒன்றரைக்கு பையரோட கியூசி ஆள் சரக்கைச் சோதிக்க வருவதை ஞாபகப்படுத்தினான். போகிற போக்கில், "மாப்பிள்ளை நெனப்புல சோறு எறங்கலீங்களாட்ட இருக்குது, மேடம்" என்று ஒரு குத்து வேறு.

போனைத் திறந்தால், கோயில் மணிக்குக் கீழே கரும்பாறை முன்னமே வந்து நின்றிருந்தது. ஜனனி தட்டினாள்: "எனக்கு நிச்சயம் ஆகுதுங்க. துணைய எடுத்துரலாங்களா?"

கரும்பாறை தட்டியது:

"சரிங்க. நல்லா இருங்க."

இவ்வளவு சுளுவாகவா என்று அவளுக்குச் சுருக்கென்றது. வேண்டியது இதுதானே, பின்னே எதற்கு இந்தக் குறை? கட்டைவிரலைப் பட்டன் பக்கம் கொண்டுபோனாள். அப்போது இன்னொரு வரி வந்தது.

"வடக்கு ஓரம் பாக்காமயே போறமுங்க."

வரைபடம் முடிகிற இடம் அது. கடல் என்பார்கள் சிலர், ஒன்றுமேயில்லை, வெறும் வெள்ளை என்பார்கள் சிலர். நடுவே இருக்கிற சேற்றுக்காட்டைக் கொம்புமாடு மட்டும்தான் தாண்டும். போய்ச் சேர இருபத்தைந்து நிமிஷம். டீ நேரத்தில் முடியாது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே மூன்று வருஷம் போய்விட்டது.

"போய்ட்டு வந்து அழுத்திக்கலாமுங்க" என்றாள் ஜனனி. மாடு சேற்றில் இறங்கின பிறகுதான் உறைத்தது. போவதற்கே சாப்பாட்டு நேரம் சரியாய்ப் போகும். திரும்பி வருவதற்கு?

நித்தீஷ் கூப்பிட்டான். அவன் பேர் திரையில் விளையாட்டின் வானத்தை மறைத்துக்கொண்டு இறங்கியது. எடுத்துப் பேசினால் ஆட்டம் நிற்கும், மாடு இரண்டு பேரையும் சேற்றில் உதறிவிடும். மேலே தள்ளினாள். மறுபடி வந்தது. தள்ளினாள். நல்ல பையன்தான், குரல்கூட மெதுவாகத்தான் இருக்கும். பிறகு மெசேஜ் வந்தது: "ஐடி என்னாச்சுங்க? எங்கூட ஆடற பசங்கெல்லாம் உங்கள கேம்ல பாக்கோணும்னு உக்காந்திருக்கறாங்க."

சேற்றுக்காட்டில் பச்சை நிறத்தில் மழை பெய்தது. முதலை ஒன்று எழும்பி செவ்வந்தியின் காலைக் கவ்வியதும், கரும்பாறையின் உயிர்க்கோடு பாதியாய்க் குறைந்தது. அவளுடையது நிறைந்தது. மாடு முதலையை மிதித்துக்கொண்டு போனது.

சைரன் ஊதியது. அது ஊதி ஓயுமுன்னே திரையில் வந்தது:

"சைரன் ஊதிருச்சுங்க."

ஒன்றரைக்குச் சைரன் ஊதாத கம்பெனி அந்த ரோட்டில் கிடையாது. ஆனாலும் ஜனனி நிமிர்ந்து பார்த்தாள். மூடிகள் சடசடவென்று மூடின. பெஞ்சுகள் நகர்ந்தன, கை கழுவுகிற குழாயடியில் கூட்டம் கூடிக் கலைந்தது. வாசலில் நின்று குணா வாட்சைக் காட்டினான். எல்லாரும் போன பிறகும் எழுந்திருக்காத முதுகுகள் நாலைந்து அங்கங்கே போன்மேல் குனிந்திருந்தன. கம்பத்துக்குப் பின்னால் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று. அவள் எண்ணப் போகவில்லை. கண்ணைத் திரைக்கே கொண்டுவந்துவிட்டாள்.

"எறங்கிக்கலாங்களா?" என்று கேட்டது கரும்பாறை.

"இல்லீங்க."

நித்தீஷின் பேர் மறுபடி இறங்கியது. இந்தத் தடவை அவள் அதைத் தள்ளவில்லை, எடுக்கவும் இல்லை. கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவன் பேருக்குக் கீழே மிச்சமிருந்த கீற்றில் சேறு முடிந்து, மாட்டின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு தெரிய ஆரம்பித்தது. மாடு நிற்கவில்லை.