இருநூற்றுப் பதினாலாவது மடைகாத்தார்

டாக்டர் செம்மொழியின் பல் மருத்துவமனை வாசலில் ஒருவர் வெகுநேரமாகப் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். படிக்க அதில் அவ்வளவு விஷயம் கிடையாது. 'டாக்டர் செம்மொழி மடைகாத்தார், பி.டி.எஸ்.' என்று ஒரு வரி, கீழே போன் நம்பர், பக்கத்தில் கை கால் முளைத்துச் சிரிக்கும் ஒரு கடைவாய்ப் பல். அவர் அதைக் கல்வெட்டு படிப்பதுபோலப் படித்தார். செல்போனில் படம் எடுத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பலகைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

வந்ததும் விசிட்டிங் கார்டை நீட்டினார். கார்டு என்றால் சாதாரணக் கார்டு இல்லை. மூன்றாக மடித்து வைத்திருந்தார். 'துரைராசு மடைகாத்தார், நிறுவனத் தலைவர், அகில உலக மடைகாத்தார் குலப் பேரவை, அரும்பூர், திருப்பனந்தாள் வழி.' அகில உலகமும் ஒரு மினி பஸ் தடத்தில் அடங்கியிருந்தது.

"பல்லுல என்னங்க தொந்தரவு?" என்றாள் செம்மொழி.

"பல்லு கெடக்கட்டும்மா. நீ எந்தக் கிளை?"

"இந்த ஒண்ணுதாங்க. திறந்தே மூணு மாசம்தான் ஆகுது."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நம்ம ரத்தத்துக்கே உண்டான நக்கல்!" என்றார். பிறகு உட்கார்ந்துகொண்டு, கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

உலகத்திலேயே மடைகாத்தார்கள் மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று பேர். பெரும்பாலோர் அரும்பூரில், கொஞ்சம் பேர் தஞ்சாவூர், சென்னை, சிங்கப்பூர். டொராண்டோவில் ஒரு பையன் இருக்கிறான். பெயரை 'மேடி' என்று சுருக்கிக்கொண்டதால் அவனை எண்ணுவதா வேண்டாமா என்று செயற்குழு இன்னும் முடிவு செய்யவில்லை. எந்த வெப்சைட்டில் போட்டுப் பார்த்தாலும் இவ்வளவு அபூர்வமான பெயர் கிடையாது. புலிகூட நம்மைவிட அதிகம் இருக்கிறது என்றார். பெயர் வந்த கதையும் அபூர்வம்தான். வெள்ளத்தில் வாய்க்கால் மடை உடைத்துக்கொண்டபோது மூதாதை ஒருவர் விடிய விடிய அதில் நெஞ்சைக் கொடுத்துப் படுத்துத் தண்ணீரை நிறுத்தினாராம். காலையில் ராஜா வந்து பார்த்துவிட்டுப் பட்டம் கொடுத்தாராம்.

"எந்த ராஜாங்க?"

"பெரிய ராஜா," என்றார் துரைராசு.

பேரவை போட்ட குல வரலாற்றுப் புத்தகத்தையும் கொடுத்தார். முதல் பதிப்பில் குலத்துக்கு அறுநூறு வயது. இரண்டாம் பதிப்பில் ஆயிரத்து இருநூறு. மூன்றாம் பதிப்பு வந்தால் காவிரியே பிற்பாடு வந்துசேர்ந்ததாகத்தான் இருக்கும்.

செம்மொழி சிரித்திருப்பாள். ஆனால் அரும்பூர் என்ற சொல்லைக் கார்டில் பார்த்ததிலிருந்து கையுறைக்குள் விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. அவளுடைய அப்பா இளையபெருமாளின் ஊரும் அரும்பூர்தான். பெரிய தெரு அல்ல. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனி. அவள் ஷார்ஜாவில் பிறந்து, விடுதிகளில் வளர்ந்தவள். ஊருக்குப் போனது லீவு நாட்களில் மட்டும். 'பெரிய தெரு வழியா சைக்கிள்ல போகாத' என்று அம்மா சொன்னது மட்டும் இன்றுவரை ஞாபகம் இருந்தது. அந்தத் தெருவில் இருப்பவர்கள் யார், அவர்களுக்கு என்ன பட்டம் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. தன் பெயரின் வால் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டபோது, 'பாஸ்போர்ட்டுல அப்படி வந்துடுச்சு' என்று அப்பா முடித்துவிட்டார்.

"அப்பாவுக்குச் சொந்த ஊரு எதும்மா?"

"பேராவூரணிப் பக்கம்," என்றது அவள் வாய், அவளைக் கேட்காமலேயே.

"தோப்புப் பக்கம் போன கிளை!" துரைராசு தொடையில் தட்டினார். "எங்க தாத்தா சொல்லுவாரு, ஒரு பங்காளி கோவிச்சுக்கிட்டுத் தெக்க போனான்னு. நீதான் இருநூத்திப் பதினாலு! இனிமே நான் உனக்குப் பெரியப்பா. எங்க, கூப்புடு பாப்போம்."

"பெரியப்பா," என்றாள் செம்மொழி.

போகிறபோக்கில் அவர் பல்லையும் காட்டினார். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று முழுசாக அரித்துப் போயிருந்தது. பேரவை மாநாட்டில் இரண்டு மணி நேரம் பேச வேண்டும், அதற்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் அரும்பூரில் வயலில் இருந்தார். பின்னால் மோட்டார் ஓடியது.

"அப்பா, மடைகாத்தார்ங்கிறது யாரு பேரு?"

மோட்டார் நின்றது. "யாரு கேட்டா?"

"துரைராசுன்னு ஒருத்தரு."

"ஊரச் சொன்னியா?"

"இல்லப்பா. பேராவூரணின்னுட்டேன்."

"சரி. அவங்க பேருதான்மா அது."

இளையபெருமாள் வெளிநாடு கிளம்பிய வருஷம், கும்பகோணத்தில் டிராவல்ஸ் வைத்திருந்த யூனுஸ் பாயிடம் பாஸ்போர்ட் எடுக்கப் போனார். பாய் எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, "குடும்பப் பேரு ஒண்ணு வேணுமே தம்பி, எந்தக் குடும்பம்?" என்றார். காலனிக்காரரை அதுவரை கடைக்காரர், கண்டக்டர், வழியில் போகிறவர் யார் நிறுத்தினாலும் கேட்டது இதைத்தான். நீ எந்த வீட்டு ஆளு? யாரு பண்ணை? அவர் அப்பாவும் அந்தப் பண்ணையில்தான் வேலை செய்தார், அவருக்கு அப்பாவும் அங்கேதான். பழகிய வாய் பழகிய பதிலைச் சொன்னது. "மடைகாத்தார் வீடுங்க." பாய் நல்ல மனுஷர். சொன்னதை அப்படியே எழுதினார். ராஜா யாரும் வரவில்லை. விசாதான் வந்தது. ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக் வேலை. மலையாளி ஃபோர்மேன் 'மடாய்' என்று கூப்பிட்டான். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அப்பன் பெயரின் வாலை ஒட்டிச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதுவே பள்ளிக்கூடம், கல்லூரி, பல் மருத்துவக் கவுன்சில் பதிவு என்று அவளோடு நடந்து வந்து, இப்போது தஞ்சாவூரில் பலகையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"மாத்தியிருக்கலாமேப்பா."

"மாத்தப் போனா எதுக்கு மாத்துறன்னு கேப்பாங்க. கேட்டா ஊருக்குத் தெரியும். போன வருஷம் கல்யாண ஃப்ளெக்ஸுல தம் பேரோட ஒரு பட்டத்தச் சேத்துப் போட்டான்னு நம்ம தெருப் பையன் வண்டியக் கொளுத்துனாங்க. மாப்பிள்ளைக் கோலத்துல நின்னு அழுதான்மா. துரைராசோட அண்ணன் மகன் நல்லக்கண்ணுதான் முன்னாடி நின்னவன். நீ அவங்க கண்ணுல படாம இரு. அது போதும்."

கண்ணில் படாமல் இருப்பதற்குச் செம்மொழி என்ன செய்வது? புதன்கிழமை காலை அப்பாவே கூப்பிட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஒம் படம் நம்ம ஊருக் கடைத்தெருவுல நிக்குதும்மா. ஆளு உசரத்துக்கு."

மருத்துவமனையின் விளம்பரப் பக்கத்திலிருந்து எடுத்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டும் சிரிப்புமாக அவள். பின்னால் ஒரு யானை, ஒரு வாள், உடைந்த மடை. மேலே துரைராசு மேகத்துக்குள்ளிருந்து ஆசி வழங்கிக்கொண்டிருந்தார். 'பிரிந்த கிளை பூத்தது! குலவிளக்கு டாக்டர் செம்மொழி மடைகாத்தார் அவர்களை மாநாட்டுக்கு வருக வருக என வரவேற்கிறோம்.' அடியில் பத்துப் பதினைந்து இளைஞர்களின் தலைகள். முதல் தலை நல்லக்கண்ணு.

பெரிய தெருவில் அவளை அடையாளம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. காலனியில் எல்லோருக்கும் தெரியும். காலனி மொத்தமும் வாயை மூடிக்கொண்டு அந்தப் படத்தைக் கடந்து கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு வாய் தவறினால் போதும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்று 'ஐ, நம்ம அக்கா' என்று கத்தினால் போதும். அன்று முழுவதும் செம்மொழி போன் அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டாள். அடிக்காதபோது இன்னும் அதிகமாகத் திடுக்கிட்டாள்.

வியாழக்கிழமை மாலை துரைராசு வந்தார். கூடவே தாம்பூலத் தட்டு. தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு வாட்டசாட்டமான ஆள். பேரவை பனியன், கையில் காப்பு.

"நம்ம நல்லக்கண்ணு. உனக்கு அண்ணன் முறை," என்றார் துரைராசு. "பல்ல எடுத்ததும் நேரா பேராவூரணி. ஒரு கிளைய மாநாட்டுக்கு அழைக்கணும்னா தலைவன் நேருல போயி மூத்தவங்க கையில தாம்பூலம் குடுக்கணும். அதான் நம்ம வழக்கம். அப்பா அட்ரஸச் சொல்லு, இவன் போன்ல போட்டுக்குவான்."

"முதல்ல பல்லு," என்றாள் செம்மொழி.

"தங்கச்சி சொல்றது சரிதான் சித்தப்பா," என்று நல்லக்கண்ணு வெளியே சோபாவில் போய் உட்கார்ந்தான். கண்ணாடிக் கதவு வழியாக அவன் முதுகு தெரிந்தது. மடியில் தட்டு.

ஊசி போட்டாள். உதடு மரக்கும்வரை காத்திருந்தாள். துரைராசு மாநாட்டுப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். 'மானம்' என்ற இடத்தில் நாக்கு மரத்துவிட்டது. குறடு பிடித்த கையைச் செம்மொழி உற்றுப் பார்த்தாள். கை நடுங்கினால் அவர் தாடைக்கு ஆகாது. வேறு எதற்கும் முடியாத அந்த நடுக்கத்தை, கல்லூரியில் படித்த படிப்பு அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் நிறுத்திக் கொடுத்தது. பல் வேரோடு வந்தது. பஞ்சை வைத்தாள்.

"நல்லா கடிச்சுக்குங்க. வாயத் தொறக்கக் கூடாது, பேசக் கூடாது. தொறந்தா ரத்தம் நிக்காது."

அவர் தலையாட்டினார். நாற்காலி சாய்ந்தேயிருந்தது. முகத்தில் விளக்கு.

"எங்கப்பா பேராவூரணி இல்லீங்க," என்றாள் மெதுவாக. "அரும்பூருதான். காலனி. இளையபெருமாளு. உங்களுக்குத் தெரியும். எங்க தாத்தா உங்க பண்ணை ஆளு."

துரைராசின் கண்கள் விரிந்தன. முதலில் வந்தது கோபம். கழுத்து நரம்பு புடைத்தது, நாற்காலிக் கை முறிந்துவிடும்போல முனகியது. 'பெரியப்பா' என்று கூப்பிடச் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். துணியால் துடைக்கிற மாதிரி காதைத் தேய்த்துக்கொண்டார். அப்புறம் அவர் பார்வை கண்ணாடிக் கதவுக்குப் போனது. அந்த முதுகின்மேல் நின்றது. அங்கே நின்றதும் கோபம் வடிந்து வேறொன்று ஊறியது. செம்மொழி நான்கு நாட்களாகக் கண்ணாடியில் தினம் பார்க்கிற ஒன்று. பலகையைக் கும்பிட்டது யார்? கிளை பூத்தது என்று ஃப்ளெக்ஸ் வைத்தது யார்? தலைவர் நாற்காலிக்காக மூன்று வருஷமாகக் காத்திருப்பவன் தாம்பூலத் தட்டோடு வெளியே உட்கார்ந்திருந்தான்.

கதவு திறந்தது. "அட்ரஸ் வாங்கியாச்சா சித்தப்பா?"

துரைராசு அவளைப் பார்த்தார். நல்லக்கண்ணுவைப் பார்த்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வலி தாங்காதவர்போல ஒரு முனகல் முனகினார். எழுந்து, அவன் தோளைப் பற்றி வெளியே இழுத்துக்கொண்டு போனார். பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டு சோபாவிலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அரும்பூர்க் கடைத்தெரு ஃப்ளெக்ஸில் அவள் இல்லை. காற்றில் கிழிந்ததாகத் தலைவர் சொன்னார். காற்று யானையையும் மேகத்தையும் விட்டுவிட்டு அவள் படத்தை மட்டும் கிழித்திருந்தது. இப்படி ஆள் பார்த்து அடிக்கிற காற்றை நல்லக்கண்ணு நம்பவில்லை.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார்.

"நல்லக்கண்ணு வந்தான்மா. ரெண்டு மூணு வண்டி. ஃப்ளெக்ஸுல இருந்தது ஒம் பொண்ணான்னான். ஆமான்னேன்."

"ஏம்ப்பா!"

"அப்ப ஒம் பேரு என்னன்னான். சொன்னேன். முழுப் பேரையும் சொன்னேன்." அவர் நிறுத்தவில்லை. "எத்தன நாளைக்கு முழுங்கறது? இந்தப் பேரச் சொல்லி வெயில்ல நின்னது நானு. மடையில படுத்தது யாருன்னும் நம்ம தெருவுக்குத் தெரியும்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"தெரு முனையில. போவல. இன்னும் ஆளு வர்றாங்க."

செம்மொழி வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே போலீசுக்குப் போன் போட்டாள். ஊரைச் சொன்னாள், காலனி என்று சொன்னாள், கூட்டம் கூடுகிறது என்று சொன்னாள். மறுபக்கத்துக் குரல் கொட்டாவி விட்டது. "அங்க எப்பவும் உள்ளதுதான். வண்டி வெளிய போயிருக்கு, வந்ததும் பாக்கலாம். உங்க பேரு?"

"டாக்டர் செம்மொழி மடைகாத்தார்."

கொட்டாவி பாதியில் நின்றது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "துரைராசு ஐயா வீடுங்களா?"

அப்பாவிடம் அன்று யூனுஸ் பாய் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்.

"ஆமாங்க," என்றாள் செம்மொழி.

"இதோ இப்பவே ஜீப்ப அனுப்புறோம்மா. நம்ம ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்க."

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். எவ்வளவு முறுக்கினாலும் ஜீப்தான் முதலில் போய்ச் சேரும். போய் இறங்கி, மடைகாத்தார் யாருங்க என்று மரியாதையாகக் கேட்கும். தெரு முனையில் ஒருவன் நிற்கிறான். வீட்டு வாசலில் ஒருவர் நிற்கிறார்.