அண்ணன் முதுகில் அடித்த காற்று

பெயின்ட்டில் கலக்கும் நானோ பொடியை மூட்டை பிரித்துத் தொட்டியில் கொட்டுவது தங்கையின் வேலை. அந்தப் பிரிவின் மேற்பார்வையாளர் அவளுடைய சொந்த அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான் என்பதால், வாயைத் திறக்காதே என்று சொல்லவும் தனக்கு உரிமை இருப்பதாக நினைத்தார்.

தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தாலும் அந்தத் துகள் அதற்குள் அடங்கும். கண்ணுக்கே தெரியாததைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? வேலை முடிந்ததும் காற்றுக் குழாயால் ஒருவர் முதுகை ஒருவர் ஊதிவிட்டு, சுத்தமாகிவிட்டோம் என்று வீட்டுக்குக் கிளம்புவார்கள். ஊதிய பொடி எங்கே போகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அண்ணன் முதுகை ஊதுவது எப்போதும் தங்கைதான். கொஞ்ச நாளாக அவர் பாதி மாடிப்படியிலேயே நின்று மூச்சு வாங்கினார். கேட்டால், வயதாகிறது என்றார். ஊதிய பொடி எங்கே போகிறது என்று அவள் அன்றுதான் யோசித்தாள்.

தொழிற்சாலைக் காற்றை அளக்க அரசு அதிகாரியம்மா வந்தார். முதலாளி சொன்னபடி அன்று ஒரு மூட்டைகூடப் பிரிக்கவில்லை. எல்லோருக்கும் புது அங்கி. அதை எடுத்துக் கொடுத்த அண்ணன் மட்டும் பரபரப்பில் பழைய அங்கியோடே நின்றார். அளக்கும் கருவி பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சமர்த்தாக இருந்தது. எல்லாம் சரி என்று அதிகாரியம்மா கிளம்பத் தயாரானார்.

பேசினால் வேலை போய்விடும். தங்கை பேசவில்லை, குழாயை எடுத்தாள்.

"அண்ணே, திரும்பு. முதுகை ஊதிவிடுறேன்."

பழக்க தோஷம், திரும்பிவிட்டார்.

கருவி வீல் என்று கத்தியது. எண்கள் எகிறின. இது தினமும் நடப்பதா என்று அதிகாரியம்மா கேட்டார். முதலாளி முந்திக்கொண்டு இல்லவே இல்லை என்றார். அண்ணன் தங்கையைப் பார்த்தார். பழியை அவள் தலையில் கட்டிவிட்டுத் தப்பித்திருக்கலாம்.

"தினமும்தாம்மா. மூட்டை கொட்டுறப்ப வந்து பாருங்க, இன்னும் ஏறும். இவ மேல தப்பில்ல."

அன்றே வேலை நின்றது. முதலாளி தையத்தக்கா என்று குதித்துப் பார்த்தார், பலிக்கவில்லை. மூட்டை பிரிக்க மூடிய பெட்டி வந்தது, பொடியை உறிஞ்சும் இயந்திரம் வந்தது, உடை மாற்றத் தனி அறையும் வந்தது. நல்ல வேளை, முற்றுவதற்குள் வந்தீர்கள் என்று சொல்லி டாக்டர் அண்ணனுக்கு மருந்து கொடுத்தார்.

அதிகாரியம்மா மறுபடி வந்தார், இம்முறை சொல்லாமல். மூட்டைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. விளக்கு பச்சையைவிட்டு நகரவில்லை. தங்கைக்குப் பூரிப்பு தாங்கவில்லை. அண்ணன் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

கருவி கம்மென்று இருந்தது. அண்ணன்தான் கத்தினார், மூச்சு வாங்காமல், நீளமாக.