நாற்பதாயிரம் பேருக்கு ஒரு பத்திரிகை

வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் ஆன்லைன் விற்பனையைக் கவனிக்கும் கலைமகளுக்கு ரத்தம் கொதித்தது. துணி வாங்கும் ஜெர்மனி பையருக்கு இன்று போயாக வேண்டிய மெயில் போகவில்லை. தொல்லை மெயில்களைத் தடுக்கும் ஸ்பேம் பட்டியல்காரர்கள் கம்பெனி முகவரியையே தங்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். தொல்லை மெயில் அனுப்பிய ஆளை நீக்கினால்தான் விடுவிப்பார்களாம்.

அந்த ஆள், கமிஷனுக்கு டி-ஷர்ட் விற்றுத்தரும் முனீஸ். கம்பெனி முகவரியைப் போட்டு நாற்பதாயிரம் பேருக்கு விளம்பர மெயில் தட்டியிருந்தான். போனில் பிடித்தாள்.

“ஏனுங்க முனீஸ், யாரைக் கேட்டு அனுப்புனீங்க?”

“கல்யாணப் பத்திரிகை மாதிரிதானக்கா! ஊரு பூரா வச்சாத்தான நாலு பேரு வருவாக?”

“எங்க பேரைப் போட்டு நீங்க பத்திரிகை வெப்பீங்களாங்க? வேண்டாம்னு எழுதுனவங்களுக்கே மறுபடி போயிருக்குதுங்க!”

“அவுகளுக்கு ஞாபகப்படுத்துனேன்க்கா. எல்லாரையும் விடக் கூட விக்கிறவன் நாந்தான், என்னைத் தூக்கிருவீகளா?” சிரித்தான்.

கலைமகள் கம்பெனி கம்ப்யூட்டரில் இருந்த அவன் விற்பனைக் கணக்கை ஒரே தட்டலில் அழித்தாள்.

“தூக்கியாச்சு. போனை வைடா!”

பேக்கிங் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கலைமகள் ‘ங்க’ போடாமல் பேசி அவர்கள் கேட்டதே இல்லை.

‘ஆளை நீக்கிவிட்டோம்’ என்று பட்டியல்காரர்களுக்கு எழுதினாள். கம்பெனி மெயில்தான் போகாதே! தன் சொந்த முகவரியிலிருந்து அனுப்பினாள், பல்லைக் கடித்துக்கொண்டு.