ஹபீபுல்லா வீட்டுக் கடல்

1937ஆம் வருடத்து ஆடி மாதத்திலிருந்து, திருச்சி பெரிய கடை வீதிக்குப் பின்னால் இருந்த ஹபீபுல்லா வீட்டுக் கிணற்றில் தினமும் இரண்டு தடவை கடல் ஏறி இறங்கியது. கடல் இருப்பது நாகப்பட்டினத்தில். நடுவில் தஞ்சாவூர் ஜில்லா முழுக்கக் கிடக்கிறது. தூர் வார இறங்கிய அம்மாசி, இடுப்பில் பாசியும் கையில் ஒரு நண்டுமாக மேலே வந்து, "அடியில தரை இல்லீங்க முதலாளி, அலைதான் அடிக்குது" என்று சொல்லிவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டு போனான். விஷயம் கேள்விப்பட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பட்டர் ஒருவர் வாசலில் நின்றபடியே, தண்ணீர் தித்திப்பா உப்பா என்று விசாரித்தார். உப்பு என்றதும், "அப்போ பெருமாள் பள்ளிகொண்ட க்ஷீராப்தி இல்லே ஸ்வாமி" என்று திருப்தியோடு திரும்பிப் போனார்.

காரணம் தெரியாமல் இல்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் போர்மேனாக இருந்த ப்ராத்ரோ துரை வேல்ஸ் தேசத்துக்காரர், கவிராயர். அவர் எழுதி அச்சில் வந்தவை ஆறு புஸ்தகங்கள். நாலு பாட்டு, இரண்டு வசனம். எல்லாம் அவருடைய சொந்தப் பாஷையில். மற்ற வெள்ளைக்காரர்களுக்கே அதில் ஒரு வரி புரியாது. சீமையில் விலைபோகாத பிரதிகளை அச்சகத்தார் கப்பலேற்றி அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஆறும் தான் பிறந்த ஊர்க் கடலைப் பற்றியவை என்று துரை கிளப்பில் சொல்வாராம். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுச் சீட்டாடப் போவார்களாம். அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, பழைய காகித வியாபாரியான ஹபீபுல்லா புஸ்தகங்களை ஏலத்தில் எடுத்து உறையூர்ச் சுருட்டுக்காரர்களுக்குக் கட்டுச் சுற்ற அனுப்பினார். அந்தக் காகிதம் பட்ட சுருட்டு ஒன்றுகூடப் பற்றவில்லை. நமுத்துப்போய் மேலே உப்புப் பூத்தது. இரண்டு கட்டுப் பிரித்ததோடு மூட்டைகள் திரும்பி வந்தன. கிணற்றடியில் பலகை போட்டு அடுக்கி வைத்தார்கள். அந்த வாரமே கிணறு கரித்தது.

வீடு பழகிக்கொண்டது. குடிக்கத் தெருக்குழாய்த் தண்ணீர் வந்தது. மாலையில் கடல் ஏறுவதற்கு முன்னால் துணிகளையும் பாத்திரங்களையும் கிணற்றடியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நஜீமாவுக்கு மாமியார் ஷரபுன்னிசா முதலில் சொல்லிக்கொடுத்த விஷயம். மறுவருடம் நஜீமாவின் புருஷன் நசுருதீன் ரங்கூனுக்குக் கடை வேலைக்குப் போனான். அவன் இடுப்பில் கட்டும் அகலமான பச்சை வாரில் அவள் தன் கையால் உள்பை ஒன்று தைத்துக் கொடுத்தாள். பச்சை நூல் தீர்ந்துபோனதால் பாதிக்கு மேல் சிவப்பு நூல். பிறகு யுத்தம் வந்தது, ரங்கூனில் குண்டு விழுந்தது. நசுருதீன் கப்பலில் ஏறினான் என்று சொல்ல ஆள் இருந்தது. இறங்கினான் என்று சொல்ல யாரும் இல்லை.

அதற்குப் பிறகு நஜீமாவின் கைகள் மரத்துப்போயின. கொதிக்கிற தேக்சாவைத் துணி பிடிக்காமல் இறக்கி வைப்பாள். தோல் கொப்பளிக்கும், அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஷரபுன்னிசாதான் பார்த்துப் பதறி எண்ணெய் தடவுவாள். அழுவதா, காத்திருப்பதா என்று கேட்டு பள்ளிவாசல் பரக்கத் அலி ஹஜ்ரத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வந்து திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "ஹயாத்தோட இருக்கார்னும் சொல்ல முடியாது, மவுத்துன்னும் சொல்ல முடியாது. சேதி வரணும்மா. அதுவரைக்கும் புருஷன் மவுத்தானா இருக்கிற இத்தா இல்லே" என்றார். ஆகவே கழுத்தில் கல்யாணக் கருகமணி கிடந்தது. ஆனால் அவள் பூ வைக்கவில்லை, வெள்ளையும் உடுத்தவில்லை. இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. பெருநாள் வந்தது, பிரியாணி ஆக்கினாள், உப்பு சரியாக இருந்தது.

யுத்தத்தில் காகிதம் தங்கமாகிவிட்டது. நமுத்தாலும் சரி என்று மூட்டைகளை எடுக்க ஒரு வியாபாரி வண்டியோடு வந்தான். ஹபீபுல்லா சரி என்றுவிட்டார். பலகையிலிருந்து முதல் மூட்டையை இறக்கும்போது, இரண்டு வருடமாக அவசியத்துக்கு மேல் வாய் திறக்காத நஜீமா நடைக்கு வந்து நின்றாள்.

"மாமா, அது போச்சுன்னா கடலும் போயிடும். அவங்க வர்றதுக்கு வேற வழி எதுங்க மாமா இருக்கு?"

ஹபீபுல்லா வண்டியைத் திருப்பி அனுப்பினார். அன்றைக்குத்தான் அவர், பிள்ளை திரும்பி வரமாட்டான் என்று தனக்கு எப்போதோ தெரிந்துவிட்டதை நினைத்து, தொழுகைப் பாயில் உட்கார்ந்து அழுதார். மருமகளிடம் சொல்லவில்லை.

1944 மாசியில், காலையில் கடல் இறங்கிய பிறகு நஜீமா இறைத்த வாளியில் ஒரு பச்சை வார் வந்தது. வெளுத்து, தோல் உரிந்து இருந்தது. உள்பையில் ஒரு பிடி மணல். பையைச் சுற்றிப் பாதிக்கு மேல் சிவப்பு நூல். அவள் மணலைக் கொட்டினாள், வாரை நல்ல தண்ணீரில் அலசினாள், மற்ற துணிகளோடு கொடியில் காயப் போட்டாள். பிறகு உள்ளே போய் உலை வைத்தாள். கொடியைப் பார்த்த ஷரபுன்னிசா கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கிணற்றில் வந்தது சேதியாகுமா என்று ஜமாத்தில் சிலர் இழுத்தார்கள். பரக்கத் அலி ஹஜ்ரத் வாரை வாங்கி முகர்ந்து பார்த்தார். "கடல்ல போனவரைப் பத்திக் கடல்தான் சேதி சொல்லணும். கிணத்து வழியா வந்துச்சுங்கிறதுக்காக அது இல்லேன்னு ஆயிடுமா? இன்னையிலேருந்து இத்தா இருக்கட்டும்" என்றார். கருகமணி இறங்கியது. நஜீமா வெள்ளை உடுத்தி உள்ளறையில் உட்கார்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

அன்று மாலை ஏறிய கடல் இறங்கவில்லை. கிணற்றின் விளிம்புவரை வந்து, அலையில்லாமல், சத்தமில்லாமல் அப்படியே நின்றது. இத்தாக் காலமான நாலு மாதம் பத்து நாளும் நின்றது. கிணறும் இத்தா இருக்கிறது என்று தெருவில் சொன்னார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

இத்தா முடிந்த காலையில் குளிக்கத் தண்ணீர் எடுக்க நஜீமா தானே கிணற்றடிக்கு வந்தாள். பார்க்காமலே வாளியை விட்டாள். ராத்திரியோடு கடல் இறங்கியிருந்தது. வாளி போய்க்கொண்டே இருந்தது, கயிறு உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடியது. அவள் கயிற்றை இறுகப் பிடித்து நிறுத்தினாள்.

"மாமி," என்றாள். "எரியுதுங்க மாமி."

ஷரபுன்னிசா ஓடிவந்து அந்தக் கையை விரித்து வாயால் ஊதினாள். நஜீமா அழுதாள். மதியம் வரைக்கும் அழுதாள், யாரும் அவளைத் தேற்றவில்லை. மாலையில் வழக்கமான நேரத்துக்குக் கடல் ஏற ஆரம்பித்தது. இரண்டு பேரும் எழுந்து கொடியிலிருந்த துணிகளை எடுத்து உள்ளே வைத்தார்கள்.