ஓணானுக்குப் போட்ட கண்ணாடி

கண்ணாடிக்காரருக்குக் குமட்டுவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. பேருந்தில் முன்னால் நிற்பவரின் பிடரியில் எண்ணெய் வழிந்தால் போதும், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துவிடுவார். கண்ணாடி வெட்டி விற்கும் அவர் கடையில் யாராவது சாப்பிட்ட கையோடு சரக்கைத் தொட்டுவிட்டால் அன்று முழுக்க முணுமுணுப்புதான். அப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கு நேர் எதிரே, தாடி வைத்த ஓணான் ஒன்று குடிவந்தது. இதற்கு விதியைக் குற்றம் சொல்ல முடியாது, குற்றவாளி அவர் மனைவி.

அவள் மருந்துக்கடையில் கல்லாவில் இருப்பவள். கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி வெளிநாடு போகும்போது வீட்டுச் சாமான்களை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக் கொடுத்தாள். மற்றவர்கள் நாற்காலி, மேசைவிளக்கு என்று விவரமாக வாங்கிக்கொண்டார்கள். இவள் மட்டும் பெரிய கண்ணாடிப் பெட்டியையும் அதற்குள் இருந்த பியர்டட் டிராகனையும் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். குட்டிதானாம், இன்னும் வளருமாம். இதைக் கேட்டதும் கண்ணாடிக்காரர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவள் அதற்கு ராசா என்று பேர் வைத்தாள். அவர் அதை ‘அது’ என்பதற்கு மேல் மரியாதை கொடுக்கவில்லை.

அதைப் பார்த்தாலே அவருக்கு உடம்பு கூசியது. தாடைக்குக் கீழே முள்முள்ளாகத் தொங்கும் பை, கழன்று பாதியில் தொங்கும் பழைய தோல், ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் ஆளை அளக்கும் பார்வை. அதற்குத் தீனி சில்வண்டும் புழுவும். புழு கெடாமல் இருக்கக் குளிர்சாதனப் பெட்டியில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், டப்பாவில் நெளிந்துகொண்டிருக்கும். அவர் அன்றிலிருந்து பால் ஊற்றாமல் காப்பி குடிக்கப் பழகினார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது அது கழிப்பதுதான். பாதி கறுப்பு, பாதி வெள்ளை, பார்க்கவே சகிக்காது. அதன் நாற்றம் கூடத்தில் கிளம்பி, அடுப்படி வழியாக வந்து, சாப்பாட்டுத் தட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

மனைவியின் அண்ணிக்குப் பிரசவம் என்று சேதி வந்தது. அவள் ஒத்தாசைக்குப் புறப்பட்டாள். தீனி போடுவதையும் விளக்கை அணைப்பதையும் ஆயிரம் தடவை சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் கண்ணாடிக்காரர் அளவு நாடாவை எடுத்தார்.

பெட்டிக்கு முன்னால் தீனி போடத் திறக்கும் சின்னக் கதவு, மேலே கம்பி வலை மூடி, மூடியின் மேல் இரண்டு விளக்குகள். வலை வழியாகத்தானே நாற்றம் வருகிறது, அங்கேயே அடைத்துவிட்டால் தீர்ந்தது என்பது அவர் கணக்கு. கடையில் துணிக்கடை ஷோகேஸுக்கு வெட்டியது போக மிஞ்சிய கண்ணாடித் துண்டு ஒன்று கிடந்தது. உசத்தியான ரகம். எத்தனை வெயில் பட்டாலும் உள்ளே இருக்கும் துணி சாயம் போகாது, கதிரை அப்படியே தடுத்துவிடும் என்று அவரே வாய் வலிக்கச் சொல்லி விற்கிற சரக்கு. அதை வலைக்குக் கீழே மயிரிழை பிசகாமல் வெட்டி, விளிம்பைத் தேய்த்து, சுற்றிலும் ரப்பர் பட்டை கொடுத்து இறக்கினார். மூச்சு முட்டிச் செத்தால் பழி தன் தலையில் விழும் என்று, பின்பக்கம் துளை போட்டு, ஒரு குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டார். வேலை என்றால் வேலை. கண்ணாடி இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தவள் கையால் தடவித்தான் கண்டுபிடித்தாள். தடவியபடியே நின்றாள். பிறகு, “அதுக்குக் குளிருதுன்னா போட்டீங்க?” என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

கண்ணாடிக்காரர் “ம்” என்றார்.

அந்த ஒற்றை ‘ம்’முக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை. அவள் அண்ணனுக்குப் போன் போட்டு, உங்க மாப்பிள்ளைக்கு வாய்தான் கடுசு, மனசு வெண்ணெய் என்றாள். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் பெட்டிமுன் நிறுத்திக் கண்ணாடியைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். அவருக்கு ராஜ உபசாரம் நடந்தது. கல்யாணமான புதிதில்கூட அவள் தன்னை அப்படிப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் வந்த சுகத்தை வேண்டாம் என்று தள்ள யாருக்கு மனசு வரும்?

நாற்றம் கூடத்தில் குறைந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவர் வெளியே ஜன்னல் பக்கம் போய்க் குழாய் முனையை முகர்ந்து பார்ப்பார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, வேலை சுத்தம் என்று திருப்தியோடு நடப்பார். மாதங்கள் போனபின் குழாயிலும் நாற்றம் இல்லாமல் போயிற்று. சனியன் விட்டது என்று நினைத்தாரே தவிர, ஏன் விட்டது என்று நினைக்கவில்லை.

ஓணான் ஒரு மூலையில் படுத்தே கிடந்தது. குளிர்காலத்தில் இந்த ஜாதி தூங்கும் என்று தோழி சொல்லிவிட்டுப் போயிருந்ததால் மனைவி அதை எழுப்பாமல், பெட்டிக்குப் பக்கத்தில் குரலைத் தாழ்த்திப் பேசினாள். தூங்குகிற பிள்ளை சரியாகச் சாப்பிடாதுதானே என்றாள்.

ஒரு விடுமுறைக் காலையில் கண்ணாடிக்காரர் செருப்பைத் தேடிக் குனிந்தபோது பெட்டிக்குள் பார்க்க நேர்ந்தது. ஒரு சில்வண்டு ஓணானின் தலைமேல் ஏறி நின்று, கண்ணோரச் சதையை நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது. இரை ஆளைத் தின்கிறது.  அவரால் தலையைத் திருப்ப முடியவில்லை. தூங்கவில்லை அது, கண் திறந்துதான் இருந்தது. தாடி கறுத்திருந்தது. கீழ்த்தாடை வீங்கி, வாய் சரியாக மூடாமல், ஓரத்தில் கோழை நூலாக இறங்கியது. முன்கால் விரல்கள் தாமாக வெட்டி வெட்டி இழுத்தன. ஒரு தரம் எழ முயன்றது. பின்கால்கள் வரவில்லை, வயிறு தரையில் இழுபட்டது. கீழே விரித்த காகிதம் கறைபடாமல் புத்தம் புதிதாக இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் குழாயின் நினைவு வந்தது.

“இது தூங்கல. இதுக்கு என்னமோ ஆயிடுச்சு, கிளம்பு” என்றார் மனைவியிடம்.

இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் ஊருக்கு மறுகோடியில் இருந்தார். நடுவயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். கையுறை போட்டுக்கொண்டு ஓணானின் தாடையை இரண்டு விரலால் லேசாக அமுக்கினார். தாடை ரப்பராக வளைந்தது. கண்ணாடிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டார். எக்ஸ்ரேயில் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் மங்கல்தான் தெரிந்தது. சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு கரைந்திருக்கிறது என்றார் மருத்துவர்.

சத்துப் பொடியைத் தினமும் தீனியில் தூவித்தான் கொடுத்தேன், எங்கேயோ நான்தான் தப்பு செய்திருக்கிறேன் என்று மனைவி அழ ஆரம்பித்தாள். விளக்கு புதியதா என்று கேட்டார் மருத்துவர். புதியதுதான் என்றாள். விளக்குக்கும் இதற்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். வலை மட்டும்தான் என்றாள் மனைவி. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கண்ணாடி அழுகையில் அவள் நினைப்புக்கே வரவில்லை.

“கண்ணாடி இருக்கு. நான்தான் போட்டேன்” என்றார் கண்ணாடிக்காரர்.

அந்த விளக்கில் வெளிச்சம் வேறு, கண்ணுக்குத் தெரியாத கதிர் வேறு என்று மருத்துவர் விளக்கினார். அந்தக் கதிர் மேலே பட்டால்தான் தின்ற சத்து எலும்பில் போய்ச் சேரும். சாதாரணக் கண்ணாடியே அதை மறித்துவிடும்.  கண்ணாடிக்காரர் போட்டது சாதாரணக் கண்ணாடியுமல்ல. கதிர் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாது என்று எத்தனை துணிக்கடைக்காரர்களிடம் சத்தியம் செய்திருக்கிறார்.

“குளிருக்குத்தான் டாக்டர் போட்டாரு. அதுமேல இருந்த அக்கறையில” என்றாள் மனைவி அழுகைக்கு நடுவே.

மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். உள்ளே கல்லாக ஏதோ கட்டியிருந்தது. கழிப்பது எப்போது நின்றது, கண்ணாடிக்கு முன்பா பின்பா என்று கேட்டார். பின்பு என்றால் சத்துக் குறைவால் குடல் சோர்ந்திருக்கிறது, மருந்தில் வழிக்கு வரலாம். முன்பே என்றால் உள்ளே வேறு அடைப்பு, வயிற்றைத் திறக்க வேண்டும், இந்த உடம்பு அதைத் தாங்காது. கண்ணாடி போட்டபோது வீட்டில் இல்லாத மனைவிக்குத் தெரியவில்லை. வீட்டில் அதைத் தெரிந்த மூக்கு ஒன்றுதான்.

“பின்னாடிதான். போட்டதும் குழாய்ல நல்லா வந்துச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நின்னுச்சு.”

“குழாயா? குழாய் எதுக்கு?” என்று கேட்டார் மருத்துவர்.

மனைவி அழுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். இப்போதும் காற்றுக்காக என்று சொல்லலாம். வாயில் ரெடியாக இருந்தது. மேசைமேல் கிடந்த ஓணானின் விரல்கள் வெட்டிக்கொண்டிருந்தன.

“நாத்தத்துக்கு. கண்ணாடியும் அதுக்குத்தான்” என்றார்.

வாடகைக் காரில் அவள் ஓணானைக் கிடத்திய அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். வீட்டுக்கு வந்ததும் ரப்பர் பட்டையை நகத்தால் கிளப்பி, கண்ணாடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாள்.

“மருந்து ஊட்டுறது, குளிப்பாட்டுறது எல்லாம் இனிமே நீங்கதான். நான் செஞ்சா உங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள். அதற்குப் பிறகு அவள் பேச்சு நின்றுபோனது.

ஊசியில்லாத சிரிஞ்சில் சுண்ணாம்பு மருந்தை எடுத்து, அந்தக் கொழகொழத்த தாடையை விரலால் தாங்கி, வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாதி உள்ளே போகும், பாதி கோழையோடு கலந்து அவர் மணிக்கட்டில் வழியும். ஒட்டுகிற நாக்கு ஒரு தடவை கட்டைவிரலைத் தொட்டுவிட்டது. மருந்து முடிகிறவரை பொறுத்துக்கொண்டு, பிறகு ஓடிப்போய் வாந்தி எடுத்தார். பாவமாக இருந்தது, உண்மைதான். அதனால் அருவருப்பு ஒரு துளியும் குறைந்தபாடில்லை. தன்மேலேயும் அருவருப்பு வந்தது. அதைக் கழுவ எந்த சோப்பும் உதவவில்லை. தானாகக் கழித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும், இல்லையென்றால் தயாராக இருங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். காகிதம் நாள் தவறாமல் சுத்தமாகவே இருந்தது. அவர் வாழ்நாளில் சுத்தத்தைப் பார்த்துப் பயந்தது அப்போதுதான்.

தினமும் காலையில் குளியலறையில் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் அதை மிதக்க விட வேண்டும். கால்களில் வலு இல்லாததால் வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்க வேண்டும். அன்றும் அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாங்கியிருந்தார். கைக்குள் வயிறு இறுகியது. வால் மெல்லத் தூக்கியது. இளஞ்சூடாக, கட்டிகட்டியாக, ஏதோ அவர் விரலிடுக்குகளில் இறங்கியது. தண்ணீர் கறுத்தது. மாதக்கணக்கில் உள்ளே கிடந்தது எல்லாம் ஒன்றாக வெளியே வந்தால் எப்படி இருக்கும்? கண் எரிந்தது. குடல் தொண்டைக்கு ஏறியது. கையை உதறச் சொல்லி உடம்பு மொத்தமும் கெஞ்சியது. உதறினால் அது முழுகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

கதவருகில் நிழல் விழுந்தது. மனைவி மூக்கைப் புடவைத் தலைப்பால் பொத்தாமல் நின்றிருந்தாள்.

“நாறுதா?” என்றாள்.

“நாறுது.”

“நல்லா பாத்துச் சொல்லுங்க.”

அவர் குனிந்து, வேண்டுமென்றே, நெஞ்சு நிறைய இழுத்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. “கொடலைப் புடுங்குது” என்றார்.

அவள் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் தொட்டியையும் அவர் கையையும் பார்த்தாள். பிறகு எழுந்து, ஜன்னலைத் திறக்கவா என்று கேட்டாள்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டினார். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தும் திறந்தார்.

“வேணாம்” என்றார். “அதுக்குக் குளிரும்.”