மூரியலுக்காக விரித்த பஞ்சு

செல்வினும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவன் ஹாலிஃபாக்ஸில் நாற்பது வருடம் பஸ் ஓட்டினான். நான் வீடுகளுக்கு வயரிங் செய்தேன். அவன் மனைவி மூரியலுக்குப் புற்றுநோய் எலும்புவரை பரவி, இனி மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். "கடைசிவரைக்கும் என் வீட்டுலதான் இருப்பேன்" என்றாள் அவள். செல்வினும் சரியென்று வாக்குக் கொடுத்திருந்தான்.

அந்த ஜனவரியில் அவளுக்குக் குளிர் தாங்கவில்லை. ஹீட்டர் ஓடியும் நடுங்கினாள். வீட்டுச் சூடெல்லாம் கூரை வழியாகப் போகிறது என்று யாரோ சொல்ல, செல்வின் கூரைக்கடியில் இருக்கும் பரணில் விரிப்பதற்குச் சூட்டை வெளியே விடாத கண்ணாடிப் பஞ்சு பத்துச் சுருள் வாங்கிவந்து என்னைக் கூப்பிட்டான்.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். தண்ணீரைத் தானே சூடாக்கித் தரும் குளியலறை ஷவருக்குப் போகும் தடித்த மின்கேபிள், மரச்சட்டங்களுக்கு நடுவே கீழ்க்கூரை மேலேயே கிடந்தது.

"செல்வின், இது மேல பஞ்சைப் போட்டுடாதடா. ஷவர் ஓடுறப்ப இந்தக் கேபிள் சூடாகும். காத்து பட்டாத்தான் ஆறும். போத்தி மூடிட்டா உருகிடும்."

"அப்ப என்ன பண்றது?"

"பஞ்சுக்கு மேல, கூரைச் சட்டத்தோட சேத்து கிளிப் அடிச்சுக் கொண்டுபோகணும். இது நீளம் பத்தாது, புதுசா இழுக்கணும். வியாழக்கிழமை வந்து முடிச்சுத் தரேன். அதுவரைக்கும் சுருளைப் பிரிக்காத."

கீழே படுக்கையிலிருந்து மூரியலின் குரல் வந்தது: "ராய்ஸ்டன், எந்த வருஷத்து வியாழக்கிழமைப்பா?"

மூன்று பேரும் சிரித்தோம்.

வியாழக்கிழமை நான் போகவில்லை. "வேற வேலை மாட்டிக்கிச்சுடா, திங்கக்கிழமை வந்துடறேன்" என்று போனில் சொன்னேன். "சரிடா" என்றான்.

சனிக்கிழமை பனி கொட்டியது. மூரியல் பல் கிடுகிடுக்கக் கிடந்ததைப் பார்க்கமுடியாமல் செல்வின் பரணில் ஏறிவிட்டான். கேபிள் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடலாம் என்றுதான் தொடங்கினானாம். ஆனால் கேபிளை ஒட்டினாற்போல அவள் படுக்கையறை. அங்கே விட்டால் விரித்து என்ன பயன்? இரண்டு நாள்தானே, ராய்ஸ்டன் வந்து பார்த்துக்கொள்வான் என்று மூடிவிட்டான்.

திங்கட்கிழமை காலை மூரியலை ஷவரின் கீழ் ஸ்டூலில் உட்காரவைத்தான். சுடுதண்ணீர் பட்டால் அவளுக்கு வலி கொஞ்சம் அடங்கும். அரை மணி நேரம் விட்டிருந்தான். புகை நாற்றம் வந்தது. மேலே பார்த்தால் பூச்சு பழுப்பேறியிருந்தது. ஈர உடம்பின் மேல் தன் கோட்டைச் சுற்றி அவளைத் தூக்கிக்கொண்டு பனியில் ஓடினான்.

நான் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்புக்காரர்கள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கருகிய கேபிள் துண்டைக் காட்டினார். நடுவில் ஒரு பழைய இணைப்பு; தீ அங்கேதான் தொடங்கியிருந்தது. நான் அன்று கவனிக்காதது.

மூரியலுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரி, பிறகு முதியோர் இல்லம். போய்ப் பார்க்கும்போதெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"கூரை போட்டாச்சா?"

"பூச்சு காயணும் மூரியல். அடுத்த வாரம் போயிடலாம்."

தீப்பிடித்த பத்தொன்பதாம் நாள், கார் நிறுத்தத்தைப் பார்த்த ஜன்னல் அருகே அவள் இறந்துபோனாள்.

மார்ச்சில் செல்வின் கூப்பிட்டான். "கூரை முடிஞ்சுது. வயரிங் பாக்கி."

"வேற ஆளை வெச்சுக்கடா."

"நீயே வா."

அவன் விளக்கைப் பிடித்தான். நான் புதுக் கேபிளைச் சட்டத்தின் பக்கவாட்டில் உயரமாக கிளிப் அடித்துக்கொண்டே போனேன். பாதியில் நிறுத்தினேன்.

"செல்வின், அந்த வியாழக்கிழமை எனக்கு வேலை ஒண்ணும் இல்லடா. மீன் பிடிக்கப் போயிட்டேன்."

"தெரியும். அவளுக்கு வலி மாத்திரை வாங்கப் போறப்ப கால்வாய்ப் பாலத்துகிட்ட உன் வேனைப் பாத்தேன்."

"அப்பறம் ஏன்டா கேக்கல?"

"மூரியல்கிட்ட சொன்னேன். 'விடு, ஊர் முழுக்க பரண்ல தவழ்ந்து முட்டி தேஞ்சுபோச்சு அவனுக்கு. ஒருநாள் மீன் பிடிச்சா என்ன'ன்னா."

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவன் விளக்கை என் முகத்திலிருந்து விலக்கிப் பிடித்தான்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லச் சொல்லாத ராய்ஸ்டன். பஞ்சை மூடினது நான். என்னையே என்னால மன்னிக்க முடியல. எழுந்து கிளிப்பை எடு."

வேலையை முடித்தோம். மே மாதம் வீட்டை விற்றுவிட்டு கடற்கரை ஊரான ஸ்கார்பரோவில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டான். அவ்வப்போது போன் செய்கிறேன். கடல்காற்றைப் பற்றி, அங்கத்து பஸ் டிரைவர்களின் லட்சணத்தைப் பற்றி நன்றாகவே பேசுகிறான். மூரியல் பேச்சை நான் எடுத்தால் மட்டும், "அடுப்புல ஏதோ வெச்சிருக்கேன்டா" என்று போனை வைத்துவிடுகிறான்.